பிள்ளையாருக்குப் பரிவட்டம் கட்டிய நாள்

திங்கட்கிழமை காலை, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு, புது உதவி மேலாளர்களான நீங்கள் இருவரும் புதுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். பாலோ பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றுக்கு மாற்றலாகிப் போகிறேன். எந்த பிளாக்கில் எத்தனை ஆட்கள், எந்த உரம் எப்போது என்பதெல்லாம் ஆபீஸ் கோப்பில் சுத்தமாக இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. நான் எழுதுவது ஜீப்பைப் பற்றி. அதை உங்களிடம் விட்டுப்போகிறேன். பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து என் நிலைமை அதுதான். ஆனால் அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் சிரிப்பு வருகிறது.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் தலை நரைத்து ஓய்வுபெற்ற பிறகு எழுதுவார்கள். எனக்கு இருபத்தாறு வயது. ஆனால் அந்த ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் நானும் ஓய்வுபெறத் தகுதியானவள்தான். ஆகவே பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர், அம்மா உதிரிப்பழம் பொறுக்கியவர். என் டிப்ளோமா சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற யாரும் நிம்மதியாக டிவி பார்க்க முடியாது. அம்மா சான்றிதழைக் காட்டி முடித்த பிறகுதான் நாடகம். அம்மாவின் கனவெல்லாம் நான் குளிரூட்டிய ஆபீசில், சுழல் நாற்காலியில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. நானோ கோத்தா திங்கி டவுனிலிருந்து உள்ளே வரும் செம்மண் சாலையில், சேறு தெறிக்க, ஃபீல்டுக்குப் போகிற வேலைக்காகத்தான் படித்தேன். அம்மாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. வெயிலிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் படிக்கவைத்தது என்பார். நியாயமான கேள்விதான்.

நான் உதவி மேலாளராகச் சேர்ந்தபோது ஜீப் கொட்டகையின் பின்னால் லாலான் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று யாராவது கேட்டால் முழிக்காதீர்கள். உடம்பு ஒன்று, இன்ஜின் இன்னொன்று, கதவுகள் இரண்டும் இரண்டு நிறம். அதன் இடது பக்கத்தில், போனட்டின் ஓரத்திலிருந்து கிளம்பி, முன்கண்ணாடியை ஒட்டியபடியே கூரை வரை ஏறி, உச்சியில் முன்பக்கம் வளைந்து நிற்கும் கறுப்புக் குழாய் ஒன்று உண்டு. வெள்ளத்தில் வண்டி இறங்கினாலும் இன்ஜின் மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆட்கள் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்து, வண்டியையே பிள்ளையார் என்று கூப்பிட்டார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்த வெட்டாட்களும் ‘பில்லையார், பில்லையார்’ என்றுதான் சொல்வார்கள்.

மேனேஜர் ரவி சார் அதைப் பழைய இரும்புக்குப் போட முடிவுசெய்திருந்தார். பிக்கப் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மேட்டுப் பிளாக்குகளுக்குப் போக ஃபோர்வீல் இல்லாமல் முடியாது. வண்டி இல்லாத உதவி மேலாளர் ஆபீசில் உட்கார்ந்து கணினியில் பதியவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று பாயாசம் வைத்தார். நான் மறுநாள் ரவி சாரிடம் போய் மூன்று மாதம் கேட்டேன். வோர்க்‌ஷாப்புக்கு அனுப்பவேண்டாம், நானே ஓட வைக்கிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார்.

“சரிம்மா திலகா. மூணு மாசம். கடைசியில நானே உன்கூட ஏறி பதினாறாம் பிளாக் உச்சிக்கு வருவேன். ஏறிச்சுன்னா நீயும் அதுவும் ஃபீல்டுல. ஏறலன்னா அது லோரில, நீ ஆபீஸ்ல. ஓகேவா?”

ஓகே என்றேன். அதுவரை நான் சைக்கிள் செயினைத் தவிர எதையும் பழுதுபார்த்ததில்லை.

எப்படிப் பழுதுபார்த்தேன் என்பதை விவரிக்கப்போவதில்லை. இணையத்தில் என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதற்கு மேலும் ஒருத்தி கிடைத்தாள். பழைய வண்டிகளைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து உறுப்பு உறுப்பாக விற்கிற ஹாஃப்கட் கடை ஒன்று கோத்தா திங்கியில் இருக்கிறது. அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற சீனப்பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். பெயர் தெரியாது. முதல் நாள் கேட்க மறந்தேன், பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. என் கைப்பேசியில் அவள் ‘ஹாஃப்கட்’. அவளுடைய கைப்பேசியில் நான் ‘ஜீப் காஜா’. மலாயில் காஜா என்றால் யானை. நான் எந்தக் கோளாறைச் சொல்லி அழைத்தாலும் அவள் மலாயில் ஒரே கேள்விதான் கேட்பாள்: கடைசியாக எதைத் தொட்டாய்?

எனக்கு அந்தக் கேள்வி ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. நான் படித்தவள். கோளாறு என்றால் அது ஆழமாக, கஷ்டமாக, படம் போட்டு விளக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஒருமுறை இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. பெரட்டுக் களத்துக்குள் திரும்பினேன். நீளமாக ஒரு ஹாரன். ஆட்கள் ஏதோ நல்ல செய்தி என்று கைதட்டினார்கள். ஸ்டியரிங் தூணுக்குள் மின்கம்பி உராய்கிறது என்று முடிவுசெய்து, தூணைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடிதான் ஹாஃப்கட்டை அழைத்தேன். கடைசியாக எதைத் தொட்டாய் என்றாள். எதையும் தொடவில்லை, நேற்று ஸ்டியரிங்கிற்குப் புது உறை மாட்டினேன், அவ்வளவுதான் என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் கண் உறைக்குப் போனது.  உறை ஹாரன் பொத்தானின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. விரலால் நகர்த்தினேன். முடிந்தது.

பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். அரிவாள், உளி, மருந்து அடிக்கிற பம்பு, ஆபீஸ் ஸ்டேப்ளர் முதற்கொண்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் முன்னால் அடுக்கிவிடுவார்கள். பிறகு மறுநாள் மத்தியானம் மறுபூஜை முடிகிறவரை ஒரு பொருளையும் தொடக்கூடாது. ஆயுதங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு. நானும் என் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். வண்டிகள் வெளியே வரிசையாக நின்றன; அவற்றை மட்டும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டால் ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் மாலை, என் பிள்ளையாருக்கு மட்டும் தனி மரியாதை. மூன்று மாதத்தில் புல்லுக்குள்ளிருந்து எழுந்து வந்த வண்டியல்லவா? வாழைக்கன்று, மாவிலை, பெரிய சாமந்தி மாலை. அப்போதும் எனக்குத் திருப்தியில்லை.

லெட்சுமி அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் டிவிஷன் மண்டோர். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவது அவர்தான். நாற்பது வயது. என்னைச் ‘சின்ன தொர’ என்று கூப்பிடுவார். பழைய காலத்தில் வெள்ளைக்கார உதவி மேலாளர்களைக் கூப்பிட்ட பெயர். என் விஷயத்தில் அது கிண்டல். அன்று மகளுக்கு ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் பட்டுத்துணியைக் கொடுத்து, இதை எங்கேயாவது கட்டு என்றார். கோயிலில் பெரிய மனிதர்களுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. டயர் மேல் ஏறி, தும்பிக்கையின் உச்சியில் மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினேன். நடுவில் சந்தனப் பொட்டு. அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கப் பத்தடி ஓட்டினேன். பூனை மாதிரி நகர்ந்தது.

அன்று சாமி கும்பிடும்போது என் பக்கத்தில் நின்ற அம்மாவின் உதடுகள் அசைந்தன. என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். உனக்கு ஆபீஸ் வேலை கிடைக்கணும்னு என்றார், ஒளிவுமறைவில்லாமல். நான் அதே சாமியிடம், அதே நிமிடத்தில், பதினாறாம் பிளாக் உச்சியை வேண்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு முதலில் செவிசாய்த்தாள் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

மறுநாள் பொழுது விடியும்போதே மழை. ரவி சார் பரிசோதனையை மாலையில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஆனால் எட்டு மணிக்கே ரப்பர் சப்பாத்தும் கையில் குடையுமாக வந்துவிட்டார். பழைய இரும்பு ஏற்றுகிற லோரி ஜோகூர் பாருவிலிருந்து மத்தியானமே வருகிறதாம்; அதற்குள் பார்த்துவிடலாம் என்றார். என் ஸ்பேனர் பெட்டி கோயிலில், அம்மன் காலடியில். ஓடிப்போய் எடுத்துவந்துவிடலாமா என்று லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டக்கூட இல்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கும் மனம் வரவில்லை. என் டிப்ளோமா அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இல்லாமல் வண்டியை எடுத்தேன்.

இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது. மழைத்துடைப்பானின் மோட்டார் செத்துப்போயிருந்தது. மாற்று மோட்டார் ஹாஃப்கட்டிடம் இன்னும் வந்துசேரவில்லை. ஆகவே நான் இரண்டு துடைப்பான்களையும் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் பிணைத்து, ஒரு முனையை என் ஜன்னல் வழியாகவும் மறுமுனையை இடது ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டிருந்தேன். நான் இழுத்தால் இந்தப் பக்கம், பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் அந்தப் பக்கம். வழக்கமாக இழுப்பது லெட்சுமி அக்கா. அன்று பக்கத்தில் உட்கார்ந்தது மேனேஜர்.

“இது என்ன கயிறு?”

“வைப்பர் சார்.”

அவர் கயிற்றையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து லெட்சுமி அக்கா, “சும்மா இழுங்க சார், பழகிரும். நான் மூணு மாசமா ரெண்டு கையும் ஆறாம இழுக்கிறேன்லா,” என்றார்.

இழுத்தார். தாழ்வான பாலத்துக்கிட்டே சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் அசராமல் இறங்கி ஏறினார். ரவி சார் கயிறு இழுப்பதில் ஒரு தாளம் வந்துவிட்டதைக் கவனித்தேன். என் மனம் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கு எப்படிச் செய்தியைச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பதினாறாம் பிளாக்கின் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டி தும்மியது. மிதித்தேன். இன்ஜின் சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. பின்னால் கருகருவென்று புகை. இன்னும் மிதித்தேன், இன்னும் புகை. ஏற்றத்தில் கால்வாசி போவதற்குள் நின்றே போய்விட்டது. பிரேக்கைப் பிடித்தபடி பின்னோக்கி இறங்கி அடிவாரத்தில் நிறுத்தினேன். மறுபடி முடுக்கினேன். சமதரையில் சாதுவாக உறுமியது. ஏறினால் மறுபடி அதே இருமல், அதே புகை.

ரவி சார் கயிற்றை மடியில் வைத்தார். அவருடைய சட்டையின் இடது கை தோள் வரை நனைந்திருந்தது.

“போதும்மா. நீ முயற்சி பண்ணே, நான் பார்த்தேன். திரும்பிரலாம்.”

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். எனக்குச் சுழல் நாற்காலி தெரிந்தது. அதன் மேல் குளிரூட்டி தெரிந்தது. பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இறங்கிப் போனட்டைத் திறந்தேன். லெட்சுமி அக்கா ரவி சாரின் குடையை வாங்கிக்கொண்டு வந்து எனக்குப் பிடித்தார். என் மூளை உடனே மிகவும் படித்த பதில்களைத் தந்தது. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இல்லை, போன வாரம் நான் மாற்றிய ஃபில்டரில் தண்ணீர். இல்லை, இன்ஜெக்டர். மூன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று கை தானாகப் பக்கத்தில் துழாவியது. பெட்டி இருந்தால்தானே. இன்றைக்கு யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது: அன்று என் கையில் ஒரே ஒரு ஸ்பேனர் இருந்திருந்தால், கொட்டுகிற மழையில் டீசல் குழாயைக் கழற்றி, உண்மையிலேயே தண்ணீரை உள்ளே விட்டு, நல்ல இன்ஜினை நானே கெடுத்திருப்பேன். அதைச் செய்யக்கூடிய வேகமும் நம்பிக்கையும் என்னிடம் ஏராளமாக இருந்தன.

கைக்கு வேலையில்லாததால் ஹாஃப்கட்டை அழைத்தேன். மேட்டடியில் சிக்னல் இல்லை. இல்லாவிட்டால் என்ன? அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? கடைசியாக எதைத் தொட்டாய்?

ஃபில்டர். அது போன வாரம். அதன் பிறகு நாலு நாள் நன்றாக ஓடியது.

அதற்குப் பிறகு?

எதையும் தொடவில்லை. நேற்று ஆயுத பூஜை. ஆயுதத்தையே தொடாத நாள்.

“என்ன சின்ன தொர, தனியா பேசுறே,” என்றார் லெட்சுமி அக்கா. “இன்ஜின்கிட்டயா, அம்மன்கிட்டயா?”

நான் பதில் சொல்லாமல் ரவி சாரிடம் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். இன்ஜினை ஓட்டியபடி பார்த்தால் ஏதாவது தெரியும் என்ற நப்பாசை. வண்டிக்கு முன்னால் போய், மழை முகத்தில் அடிக்க, நின்றேன். அவர் மிதித்தார். இன்ஜினில் ஒன்றும் தெரியவில்லை. தற்செயலாக மேலே பார்த்தேன்.

தும்பிக்கையின் உச்சியில், மஞ்சள் பட்டு உள்ளே குழிந்தது. குழந்தை உறிஞ்சுகுழாயில் கடைசிச் சொட்டை இழுக்கும்போது கன்னம் ஒட்டுமே, அப்படி. ரவி சார் காலை எடுத்தார். துணி மெதுவாக வெளியே வந்தது. மறுபடி மிதித்தார், சந்தனப் பொட்டோடு சேர்ந்து உள்ளே போனது. நேற்று காய்ந்த பட்டு. கொஞ்சம் காற்று விட்டது. இன்று மழையில் ஊறி, வாயை இறுக மூடிவிட்டது. சும்மா நிற்கும்போது குறைந்த காற்று போதும். ஏற்றத்தில் மூச்சு வேண்டும்.

மூன்று மாதமாக அதைத் தும்பிக்கை, தும்பிக்கை என்று சொன்னவர்கள் நாங்கள். தும்பிக்கையின் நுனி எது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிள்ளையாரின் தலை என்று நினைத்து மூக்கைக் கட்டியிருக்கிறேன். அதுவும் மூன்று சுற்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. லெட்சுமி அக்கா என் பார்வை போன திசையில் பார்த்தார். குடை அவர் கையிலிருந்து சரிந்தது. “அலமாக்,” என்றார் மெதுவாக, ஐயையோ என்கிற மாதிரி. “எம்மக ரவிக்கைத் துணிடி அது.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. ரவி சார் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். துடைப்பான் இழுக்க ஆளில்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அவருக்கு எதுவும் தெரியாது. நான் டயரில் ஏறித் துணியை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, டீசல் குழாயில் காற்று சார், சரிசெய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு கம்பீரமாக இருந்திருக்கும். சொல்லவேண்டிய வாக்கியம் மனதில் தயாராகவும் இருந்தது. காற்றழுத்தம் என்ற சொல்கூட அதில் வந்தது. எங்கள் வீட்டில் முதல் சான்றிதழ்க்காரி, வண்டியின் மூக்கைக் கட்டிவிட்டு மலையேறப் பார்த்தாள் என்பது இந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

லெட்சுமி அக்காவுக்கும் புரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, “நான் எதையும் பார்க்கல. என்ன வேணாலும் சொல்லிக்க,” என்றார்.

போனட்டை மூடிவிட்டு டயரில் ஏறினேன். நனைந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். துணியை உருவிய அந்த நிமிடம் இன்ஜின் பெருமூச்சு விட்டது. சும்மா சொல்லவில்லை, காதால் கேட்டேன். இறங்கியபோது துணி சட்டைப்பைக்குப் போகவில்லை. பொய் சொல்லப் பயந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். மறுபடி இதே ஏற்றத்தில் வேறொரு கோளாறு வந்தால், நான் சொல்வதை அவர் நம்பவேண்டும். காற்று என்று இன்று புளுகினால் நாளை நிஜமாகவே காற்று புகும்போது நான் என்ன சொல்வது? ஜன்னல் வழியாகத் துணியை நீட்டினேன். சந்தனம் கரைந்து அவர் மடியில் சொட்டியது.

“இதுதான் சார். காற்றுக்குழாய் வாயில இருந்துச்சு.”

“யாரு கட்டினது?”

“நான்தான் சார். நேத்து. பரிவட்டம்.”

அவர் துணியைப் பார்த்தார். தும்பிக்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“கண்டுபிடிச்சது?”

“அதுவும் நான்தான் சார்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நனைந்த மனிதருக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் சத்தம் வெளியே வந்தது. ரவி சார் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவருக்கே பழக்கமில்லாததால் விக்கல் வந்துவிட்டது. விக்கலோடேயே நகர்ந்து தன் பக்கத்துக்குப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டார். “ஏறும்மா,” என்றார்.

ஏறினேன். பிள்ளையார் ஏறினார் என்று சொல்வதுதான் சரி. வழுக்கினார், குலுங்கினார், ஒரு வளைவில் பக்கவாட்டாகவே கொஞ்ச தூரம் போனார். மேனேஜர் கயிறு இழுக்க, அக்கா பின்னாலிருந்து எண்ணிக்கொடுக்க, நான் ஒரு கையால் கயிறும் ஒரு கையால் ஸ்டியரிங்கும் பிடிக்க, உச்சியில் போய் நின்றோம். மழைக்கு நடுவில் செம்பனைத் தலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆடின. ஆற்றுப்பக்கம் மட்டும் வெள்ளையாகப் புகைமூட்டம்.  ரவி சாருக்கு இன்னொரு விக்கல்.

கதை இதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். திரும்பி வரும்போது தாழ்வான பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரச் சேற்றில் லோரி ஒன்று சாய்ந்து நின்றது. பின்சக்கரம் அச்சு வரை புதைந்திருந்தது. டிரைவர் அண்ணன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னால் மட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். ரவி சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தினேன்.

லோரியிலேயே சங்கிலி இருந்தது. பழைய வண்டிகளை இழுத்து ஏற்றுவதற்கு வைத்திருப்பது. அதையே பிள்ளையாரின் பின்கொக்கியில் மாட்டினோம். நிதானமாக மிதித்தேன். சங்கிலி விறைத்தது. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு சேறு ‘பொளக்’ என்று விட்டது. லோரி எங்கள் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி நடந்து மேட்டுக்கு வந்தது.

அந்த அண்ணன் ஓடிவந்து எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப தேங்க்ஸ் சார். கரெக்டா வந்தீங்க, இல்லாட்டி நாளைக்கு வரைக்கும் இங்கதான். சரி சார், இந்தத் தோட்டத்துல ஒரு பழைய ஜீப்பை ஏத்தணும்னு அனுப்பிருக்காங்க. அது எங்க இருக்கு?”

லெட்சுமி அக்கா பின் சீட்டில் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். ரவி சார் குடையை மடக்கினார்.

“அது இழுக்கப் போயிருக்கு,” என்றார். “இன்னிக்கு இல்லேன்னு சொல்லிருங்க.”

மத்தியானம் மறுபூஜை முடிந்து ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டபோது என்ன முடிவு என்று அம்மா கேட்டார். ஃபீல்டுதான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அம்மன் முகத்தையே பார்த்தார், ஒரு சின்னக் குற்றச்சாட்டோடு. பிறகு என் சட்டையிலிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, இதைத் தனியா ஊறவைக்கணும் என்றார். அவ்வளவுதான் விவாதம். இப்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தால் சான்றிதழுக்குப் பிறகு, உச்சியில் பிள்ளையாரோடு நான் நிற்கிற படமும் காட்டப்படுகிறது. நாடகம் இன்னும் தாமதம்.

சிக்னல் கிடைத்ததும் ஹாஃப்கட்டுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். வழக்கமான கேள்வியைத்தான் திருப்பி அனுப்பினாள். கடைசியாகத் தொட்டது கடவுளை என்று பதில் போட்டேன்.  சாயங்காலம் ஒரு வரி வந்தது: மோட்டார் வந்துவிட்டது, கயிற்றை விடு.

இனி உங்கள் வண்டி. சாவி ஆபீஸ் ஆணியில். மோட்டார் மாட்டியும் ராஃபியா கயிற்றை அவிழ்க்கவில்லை. ரவி சார் பக்கத்தில் உட்காரும்போது அவருக்கு அது வேண்டும், கேட்பார். இருக்கைக்கு அடியிலுள்ள பிஸ்கட் டின்னில் மூன்று போல்ட்டுகள் மீந்து கிடக்கின்றன. மூன்று வருஷமாக எதனுடையவை என்று தெரியவில்லை, வண்டியும் கேட்கவில்லை. கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். கோளாறு வந்தால் உங்கள் டிப்ளோமாவைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கையைக் கேளுங்கள், நேற்று எங்கே இருந்தாய் என்று. ஹாஃப்கட்டின் எண் கூரையின் உள்பக்கம் எழுதியிருக்கிறது. நீங்களாவது முதல் நாளே அவள் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

மஞ்சள் பட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சந்தனக் கறை மட்டும் போகவில்லை. ஆயுத பூஜைக்கு எடுத்துக் கட்டுங்கள், பிள்ளையார் எதிர்பார்ப்பார்.

கழுத்தில்.